திமித்ரி பெல்யாயெவ்

திமித்ரி கான்ஸ்டன்டீனொவிச் பெல்யாயெவ் (ஜூலை 17, 1917 - நவம்பர் 14, 1985) ஒரு சோவியத் மரபியலாளர் ஆவார். ஓநாய் எவ்வாறு நாயாக மாறியது என்ற வினாவுக்கு விடை தேடி, சைபீரியாவில் வெள்ளி நரிகளைக் கொண்டு இவர் தொடங்கிய ஆய்வினால் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமைக் காலம்

இவர் உருசியாவின் கொஸ்த்ரோமா பகுதியில் ஒரு கிராமப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இவரது அண்ணன் நிக்கொலாயும் மரபியலாளரே. பட்டுப்புழுக்களை ஆய்ந்து வந்த அவர் ஸ்டாலின் ஆட்சியில், 1937 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னரும் பெல்யாயெவ் மரபியலைக் கைவிடவில்லை. 1938 இல் வேளாண்மைப் பட்டம் பெற்று, மாஸ்கோவில் மென்மயிர் விலங்கு வளர்ப்பு ஆய்வகம் ஒன்றில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றினார். 1948 இல் லைசென்கோவின் கொள்கை அரசின் ஆதரவுடன் மேலோங்கியபோது, மெண்டலிய மரபியலை ஏற்றிருந்த இவர் துறைத் தலைவர் பதவியை இழந்தார்.

நரி ஆய்வு

1958 இல் நோவசிபீர்ஸ்க் நகருக்குச் சென்ற இவர், அங்குள்ள உயிரணுவியல், மரபியல் நிறுவனத்தின் இயக்குநராக 1959 முதல் இறக்கும் வரை இருந்தார். அக்காலத்தில் மரபியல் ஆய்வை வெளிப்படையாக நடத்துவது இடர் மிகுந்தது என்பதால், தமது பணியை விலங்குகளின் உடலியங்கியல் ஆய்வாகவே காட்டி வந்தார்.

மென்மயிர்ப் பண்ணைகளிலிருந்து ஏறத்தாழ 130 நரிகள் கொண்டுவரப்பட்டன. லுட்மிலா துரூத் ஆய்வை நேரடியாக நடத்தினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு மிகக் குறைவாக அஞ்சிய, சீறாத நரிகள் மட்டுமே இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நிறமோ உடலமைப்போ கருதப்படவில்லை. நரிகளுக்குப் பயிற்சி எதுவும் அளிக்கப்படவில்லை என்பது முக்கியமானது; பயிற்சியால் வந்த பழக்கம் மரபுவழிக் குணத்தை மறைத்துவிடும் அல்லவா?

நான்காம் தலைமுறையிலேயே சில குட்டிகள் மனிதரைக் கண்டு வாலாட்டின. ஆறாம் தலைமுறையில் மனிதரின் கவனத்தை ஈர்க்க முனகி, கையை நக்கும் குட்டிகள் தோன்றின. பின்னர் தொங்கும் காதுகள், சுருண்ட வால், நெற்றியில் வெண்புள்ளி ஆகியனவும் சிலவற்றில் காணப்பட்டன. குணத்திற்கான தேர்வு, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இயக்குநீர்களை மாற்றியதே இதற்குக் காரணம் என பெல்யாயெவ் கருதினார்.

பிற்கால ஆய்வுகள்

இவரது மறைவுக்குப் பின் ஆய்வைத் துரூத் தொடர்ந்தார். மனிதர் சுட்டிக் காட்டும் இடத்தில் உணவைத் தேடுவதில், இந்நரிக் குட்டிகள் நாய்க்குட்டிகளுக்கு நிகராக இருந்ததை 2005 இல் பிரையன் ஹேர் குழுவினர் கண்டறிந்தனர். இத்திறனுக்கெனத் தனியாக எந்தத் தேர்வும் நடந்ததில்லை. எனினும், அந்நரிகளின் முன்னோர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைகளில் ஏற்கெனவே பல தலைமுறைகள் வளர்க்கப்பட்டவை என்றும், வெண்புள்ளி போன்ற மாற்றங்கள் அங்கேயே இருந்தன என்றும் 2019 இன் இறுதியில் வெளியான ஒரு கட்டுரை சுட்டிக்காட்டியது. இத்திறனாய்வு உடல் மாற்றங்கள் பற்றிய இவரது விளக்கத்தையே ஐயத்துக்குள்ளாக்குகிறது. நரிகளின் குணம் தேர்வினால் மாறியதை அது மறுக்கவில்லை.