கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்ற புனித யோசேப் வாஸ்



டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று சொல்லி நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவரும் குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் கலங்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், இலங்கையின் திருத்தூதரான புனித யோசேப் வாஸ்.

இவர் 1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனவ்லிமில் பிறந்தார். 1676-ல் குருப்பட்டம் பெற்றார். டச்சுக்காரர் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கருக்காக, ஏழைக் கூலியாள் கோலத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, 1687-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். சேர்ந்ததும் கடும் வயிற்றுப்போக்கில் விழுந்தார். அந்நிய மண்ணில் நோயாளியாய்க் கிடப்பதன் துன்பத்தை அங்கேயே அனுபவித்தறிந்தார். 1692-ல் கண்டிக்குச் சென்றபோது, ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறையிலடைக்கப்பட்டார்.

1697-ல் அதே கண்டியில் பெரியம்மை பரவியது. பெற்றவரையும் பிள்ளையையும் காட்டில் விட்டுவிட்டு மக்கள் ஓடினர். பிளேக் மாரியம்மன் கோவில்களை உடைய கோவையில் வாழும் நமக்கு, கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊர் காலியாவதை விளக்க வேண்டியதில்லை. வாஸ் அடிகளாரும் அவர் உறவினரான யோசேப் கர்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று புண்களைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. அம்மையைத் தீர்க்கும் மருந்து அவர்களிடம் இல்லை. ஆயினும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் திரும்பிவிடவில்லை.

1711-ம் ஆண்டு ஜனவரி 16-ம் நாள் கண்டியிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இத்தகைய பணியை இன்று ஹாஸ்பிஸ் என்கிறோம். இதற்கென அன்னை தெரசா 1952-ல் கல்கத்தாவில் இல்லம் திறந்தார். 1986-ல் பம்பாயில் சாந்தி அவேத்னா சதன் தோன்றியது. இது அநாதைகளுக்கு மட்டும் உரியதன்று; இறுதி மூச்சு வாங்குவோருக்கு மட்டும் உரியதுமன்று. புற்றுநோயோ, இருதய நோயோ, குணமாக்கும் வழி அடைபட்ட எவருக்கும் உரியது. இரவெல்லாம் கண்விழித்துக் களைத்த குடும்பத்தாருக்கும் உரியது. வலியைத் தணிப்பதும், புண்ணைப் பேணுவதும், மனத்தைத் தேற்றுவதும் இதன் வேலை. இது மரணத்தை விரைவுபடுத்துவதில்லை, வீணே இழுத்தடிப்பதுமில்லை. வீட்டுத் திண்ணையிலும் இதைச் செய்யலாம்.

நினைவு தப்பிய பிறகே பலர் குருவானவரை அழைக்கிறார்கள். நோயாளி பேசக்கூடிய வேளையிலேயே அழையுங்கள். நோயில்பூசுதல் சாவுக்கான அறிவிப்பன்று, ஆறுதலின் அருட்சாதனம்.

படுக்கையில் கிடக்கும் ஒருவரையேனும் ஒவ்வொரு குடும்பமும் சென்று பார்க்கட்டும். அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள மருத்துவப் பட்டம் தேவையில்லை.