பசியின் வரைபடத்தை வரைந்த வைத்தியர்

இன்று எம்மவர் பல்லாயிரவர் வாழும் பாரிஸ் மாநகரில், 1973 ஆம் ஆண்டு செப்டெம்பர் 24 ஆம் திகதி, பிரேசில் நாட்டு வைத்தியர் ஒருவர் தமது 65 ஆவது வயதில் காலமானார். அவர் பெயர் ஜோசுவே டி காஸ்ட்ரோ. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய நிறுவனத்தின் பேரவைக்குத் தலைமை வகித்தவர். உலகின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட நூல்களின் ஆசிரியர். எனினும் தாய்மண்ணை மீண்டும் மிதிக்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. பசி என்பது இயற்கையின் சாபமன்று, மனிதர் மனிதருக்கு இழைக்கும் அநீதி என்று வாழ்நாள் முழுவதும் சான்றுகளோடு எடுத்துரைத்தவர் அவர். அந்தப் பணிக்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரிது.

பிரேசிலின் வடகிழக்குக் கரையிலுள்ள ரெசிபே நகரில் 1908 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி அவர் பிறந்தார். அவருடைய தந்தைவழிக் குடும்பம் செர்த்தாவோ எனப்படும் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்தது. 1877 இல் தொடங்கிய பெருவறட்சி அக்குடும்பத்தை வேரோடு பெயர்த்துக் கரையோர நகரத்துக்குத் துரத்தியது. ஆகவே இடப்பெயர்வு அவருக்குப் பிறப்பதற்கு முன்பே வாய்த்த முதுசம் எனலாம்.

ரெசிபே நகரின் ஊடாகக் கபிபாரிபே ஆறு பாய்கிறது. அதன் ஓரத்துக் கண்டற் சேற்றில் குடிசையமைத்து வாழ்ந்தவர்கள், வறட்சிக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் தப்பி வந்த ஏழைகள். சேற்றில் நண்டு பிடித்து உண்பதே அவர்களுடைய பிழைப்பு. மனிதர் கழித்ததை நண்டு உண்டது. அந்த நண்டை மனிதர் உண்டனர். இந்தக் கொடிய சுழற்சியைச் சிறுவனாக இருந்தபோதே ஜோசுவே கண்டார். பசியைப் பற்றிய முதற் பாடத்தை அவருக்குப் புகட்டியது பல்கலைக்கழகமன்று, அந்தச் சேறே.

ரியோ டி ஜெனீரோவில் மருத்துவம் பயின்று 1929 இல் பட்டம் பெற்ற அவர், ஊர் திரும்பி ஆலையொன்றில் வைத்தியராகப் பணியேற்றார். தொழிலாளர் சோம்பேறிகள், வேலைக்கு உடல் வளையாதவர்கள் என்பது ஆலை முதலாளிகளின் முறைப்பாடு. அவர்களைப் பரிசோதித்த இளம் வைத்தியருக்கு உண்மை விரைவில் புலப்பட்டது. அவர்களைப் பீடித்திருந்த நோய் பசி. அதற்குரிய மருந்து கூடுதலான ஊதியமேயன்றி வேறில்லை. இதனை அவர் மறைக்காமற் சொன்னார். அதன் பயனாக வேலையை இழந்தார்.

வேலை போயினும் கேள்வி போகவில்லை. 1932 அளவில் ரெசிபேயின் 500 தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கையை அவர் ஆராய்ந்தார். வருவாயின் பெரும்பகுதியை உணவுக்கே செலவிட்டும் அவர்கள் வயிறு நிரம்பவில்லை. அவரைப் பருப்பு, மரவள்ளி மா, உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, கோப்பி, சீனி என்பவற்றோடு அவர்களுடைய உணவு முடிந்தது. பாலும் பழமும் மரக்கறியும் அரிதாகவே கிடைத்தன. பிரேசிலில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் உருவான காலத்தில் இவ்வாய்வு அதற்கு ஆதாரங்களுள் ஒன்றாக அமைந்தது.

1946 இல் வெளியான பசியின் புவியியல் என்னும் நூலே அவருடைய பெயரை நிலைநிறுத்தியது. பிரேசிலை ஐந்து உணவுப் பிரதேசங்களாகப் பிரித்து, எங்கே எவ்வகைப் பசி நிலவுகின்றது, ஏன் நிலவுகின்றது என அதில் அவர் விளக்கினார். பட்டினியால் மடிவது மட்டுமே பசியன்று. வயிறு நிறைந்தும் புரதமும் உயிர்ச்சத்தும் இரும்புச்சத்தும் இன்றி உடல் மெல்ல அழிவதும் பசியே என்பதை அவர் வலியுறுத்தினார்.

அந்நூலின் மிகக் கூர்மையான பகுதி அவருடைய சொந்த வடகிழக்கைப் பற்றியது. வறண்ட செர்த்தாவோவில் மழை பொய்க்காத ஆண்டுகளில் மக்கள் சோளம், பால், இறைச்சி என ஓரளவு சமநிலையான உணவையே உண்டனர். வறட்சி வந்தபோதுதான் அங்கே பஞ்சம் தலைகாட்டியது. ஆனால் செழிப்பான கருமண்ணும் மழையும் வாய்த்த கரையோரத்திலோ மக்கள் நிரந்தரமாகப் பசித்திருந்தனர். காரணம் கரும்பு. ஏற்றுமதிக்கான சீனிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. உணவுப் பயிருக்கும் பழமரத்துக்கும் இடம் விடப்படவில்லை. நிலம் சிலர் கையில் முடங்கியது. வளமான மண்ணின் மீது வற்றிய உடல்கள் உலாவின. மண்ணின் குறையால் அல்ல, மண்ணை ஆண்டவர்களின் ஒழுங்கினாலேயே இப்பசி விளைந்தது என்பது அவருடைய முடிவு.

1951 இல் வெளியான பசியின் புவியரசியல் என்னும் நூலில் இந்த ஆய்வை உலகம் முழுவதற்கும் அவர் விரித்தார். மக்கள்தொகைப் பெருக்கமே பசிக்குக் காரணம் என்ற கொள்கையை அதில் மறுத்தார். அம்மறுப்புக்குத் துணையாக, புரதக் குறைவு பிறப்பு வீதத்தை உயர்த்துகின்றது என அவர் முன்வைத்த விளக்கத்தைப் பிற்கால விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆயினும் உணவின் பங்கீட்டையும் நிலவுடைமையையும் ஆராயாமல் ஏழைகளின் எண்ணிக்கையைக் குறைகூறுதல் தகாது என்ற அவருடைய வாதம் இன்றும் வலுவிழக்கவில்லை.

1950களின் முற்பகுதியில் உணவு விவசாய நிறுவனப் பேரவையின் தலைவராக நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். செல்வந்த நாடுகளின் களஞ்சியங்களில் கோதுமை தேங்கிக் கிடந்த காலம் அது. பஞ்சம் நேரும் நாடுகளுக்கு உடனே உதவுவதற்கெனச் சர்வதேச உணவுக் கையிருப்பொன்றை நிறுவ அவர் பாடுபட்டார். வல்லரசுகள் அதற்கு இணங்கவில்லை. ஏமாற்றத்தோடு பதவியிலிருந்து விலகிய அவர், 1957 இல் பசிக்கு எதிரான உலகச் சங்கமொன்றைத் தாமே தோற்றுவித்தார்.

இதற்கிடையில் 1954 இலும் 1958 இலும் பெர்னம்புக்கோ மாநிலத்தின் பிரதிநிதியாகப் பிரேசில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகி, நிலச்சீர்திருத்தத்துக்காகக் குரல் கொடுத்தார். அம்மாநிலத்தில் கலிலேயா என்னும் பழைய கரும்புத் தோட்டத்தின் குத்தகை விவசாயிகள் 1955 இல் சங்கமொன்றை அமைத்தனர். தமது இறந்தோரைச் சொந்தச் சவப்பெட்டியில் அடக்கம் செய்ய வழிதேடுவதும் அவர்களுடைய நோக்கங்களுள் ஒன்று. உயிரோடிருந்தபோது ஒரு முழ நிலமும் இல்லாதவர்கள், சாவிலேனும் கண்ணியம் வேண்டினர். அதையும் நிலவுடைமையாளர் அச்சுறுத்தலாகவே கண்டனர். அச்சங்கத்திலிருந்தே விவசாயிகள் கழகங்கள் என்னும் பேரியக்கம் பரவியது. இவ்வரலாற்றை 1965 இல் ஜோசுவே நூலாக எழுதினார்.

ஆனால் அந்நூல் வெளிவந்தபோது அவர் நாடற்றவராகியிருந்தார். 1964 ஏப்ரலில் பிரேசிலில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது அவர் ஜெனீவாவில் தமது நாட்டின் தூதுவராக இருந்தார். புதிய ஆட்சியாளர் வெளியிட்ட முதற் பட்டியலிலேயே அவருடைய பெயர் இடம்பெற்றது. பத்து ஆண்டுகளுக்கு அவருடைய அரசியல் உரிமைகள் பறிக்கப்பட்டன; பதவியும் போயிற்று. அவர் பாரிஸ் நகரில் புகலிடம் கொண்டார். அங்கே வளர்ச்சி பற்றிய ஆய்வு மையமொன்றை நிறுவினார். 1968 இன் மாணவர் எழுச்சியை அடுத்துத் தோன்றிய வன்சென் பல்கலைக்கழகத்தில் இறக்கும்வரை கற்பித்தார். கபிபாரிபேயின் சேற்று மக்களை நினைந்து மனிதரும் நண்டுகளும் என்ற நாவலையும் படைத்தார். உடல் சேன் நதிக்கரையில் இருந்தபோதும் உள்ளம் பிறந்த மண்ணின் ஆற்றங்கரையை விட்டு அகலவில்லை.

நாடு திரும்பவேண்டும் என்ற அவருடைய ஏக்கத்தை இராணுவ அரசு பொருட்படுத்தவில்லை. விதிக்கப்பட்ட பத்து ஆண்டுத் தடை 1974 ஏப்ரலில் முடிவடைய இருந்தது. அதற்கு ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன்னரே மரணம் அவரை அழைத்துக்கொண்டது. உயிரோடு நுழைய அனுமதி மறுத்த நாடு, உயிரற்ற உடலை ஏற்றுக்கொண்டது. ரியோ டி ஜெனீரோவில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இராணுவ ஆட்சி 1985 இல் முடிவுற்றது. 1990களில் ரெசிபேயின் இளம் இசைக்கலைஞர்கள் நண்டையும் சேற்றையும் தமது அடையாளமாக ஏற்று, மறக்கடிக்கப்பட்ட அந்த வைத்தியரின் பெயரை மீண்டும் ஒலிக்கச் செய்தனர். 2010 இல் உணவு பெறுதல் ஒவ்வொரு குடிமகனினதும் உரிமை எனப் பிரேசிலின் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது.

எனினும் 2024 இல் உலகெங்கும் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியோடு வாழ்ந்தனர் என, அவர் ஒருகாலத்தில் வழிநடத்திய அதே நிறுவனம் கணக்கிட்டுள்ளது. உலகில் விளைவது குறைவதனால் நேர்ந்த நிலையன்று இது. நிலம் யாருடையது, விளைச்சல் யாருக்காக, விலையை விதிப்பவர் யார் என்ற கேள்விகளை ரெசிபேயின் வைத்தியர் எழுப்பிச் சென்றார். தட்டில் உணவிடும்போதெல்லாம் அக்கேள்விகளுக்கு விடை தேடுவது, பசியையும் புலப்பெயர்வையும் ஒருங்கே அறிந்த எமக்கு அந்நியமான கடமையன்று.