தறியிலே வென்ற தச்சன் மகன்

பன்னாட்டுக் கம்பெனி, பணமலை. உள்ளூர்த் தொழிலோ ஓலைக் குடிசை. மலையோடு மோதினால் மண்டைதானே உடையும் என்று கைபிசைந்து நிற்போர் உண்டு. அவர்கள் முன் ஒரு தச்சர் மகனை நிறுத்த விரும்புகிறோம்.

ஜப்பானிலே, யமகுச்சி என்னும் சிற்றூரில் 1867-ல் பிறந்தார் சாகிச்சி டொயோடா. தந்தை தச்சர், தாய் தறியிலே வாடியவர். செல்வம் இல்லை, செல்வாக்கு இல்லை. இருந்தவை உளியும் உறுதியுமே! 1890-ல் டோக்கியோவில் நடந்த தொழிற்காட்சிக்குச் சென்றார். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தனர். அவரோ யந்திரத்தின் வித்தையைப் பார்த்தார். மறு ஆண்டே, இரு கை வேலையை ஒரு கையால் முடிக்கும் மரத்தறிக்குக் காப்புரிமை பெற்றார்.

அடுத்து விசைத்தறி. மேனாட்டுத் தறி இரும்பால் ஆனது; விலையும் இரும்புக் கனம்! ஏழை நாட்டுச் சிறு நெசவாலை எப்படி வாங்கும்? தேவையான இடத்திற்கு மட்டும் இரும்பு, மற்றவை மரம் என்று 1896-ல் செய்து காட்டினார் சாகிச்சி. விலை இறங்கிற்று; தறி பரவிற்று.

பணக்காரர் துணையோடு 1907-ல் கம்பெனி எழுந்தது. விற்பனை சரிந்ததும், 1910-ல் அவரையே வெளியேற்றினர். தம் பெயர் தாங்கிய கம்பெனியிலேயே தமக்கு இடமில்லை! முதலாளித்துவத்தின் முகத்தைப் பார்த்தீர்களா, தோழர்களே? முடங்கினாரா அவர்? இல்லை! அமெரிக்காவும் ஐரோப்பாவும் சென்று ஆலைகளைக் கண்டார், திரும்பினார், 1911-ல் நகோயாவிலே சொந்த நெசவாலை துவக்கினார். அந்த ஆலையே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று.

1924-ல் பிறந்தது தானியங்கித் தறி. ஓட்டம் நிற்காமலே நாடா மாறும். நூல் அறுந்தால் தறி தானே நிற்கும். உலகுக்கே ஜவுளி யந்திரம் விற்று வந்த இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி, 1929-ல் 1,00,000 பவுன் தர ஒப்பந்தம் செய்து அதன் உரிமையை வாங்கிற்று. விற்றவன் வாங்க வந்தான்!

1930-ல் சாகிச்சி மறைந்தார். மகன் கீச்சிரோ மோட்டார் தொழிலில் இறங்கினார். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானிலேயே கார் பூட்டி விற்ற காலம் அது. 1936-ல் அரசு சட்டம் செய்து அந்நியருக்கு வரம்பு கட்டியது; 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தோன்றியது. அறிவும் வேண்டும், அரசின் அரணும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒன்றை மறைக்க மாட்டோம். ஒரு தொழிலாளி பல தறிகளைக் கவனிக்கும்போது, மற்றக் கைகளுக்கு வேலை எங்கே? இந்தக் கேள்வியை நாம் கேட்டே தீருவோம். யந்திரம் வரட்டும், அதன் பலன் தொழிலாளியின் அடுப்படிக்கும் வரட்டும்!

அந்நியனைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அவனை அப்படியே காப்பியடிக்கவும் வேண்டாம். கற்போம், நம் கைக்கும் பைக்கும் ஏற்றபடி மாற்றுவோம், கடிவாளத்தை நம் கையிலேயே வைத்திருப்போம். தச்சர் மகன் காட்டிய வழி அதுதான்.