சிரிக்க வைத்த சுப்பாண்டி, படிக்க வைத்த ‘அங்கிள் பை’: யார் இந்த அனந்த் பை?

கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளி, எல்லையோரத்து ஊர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் உண்டு. பக்கம் முழுக்க எழுத்தாக இருந்தால், ‘நமக்கு இது வராது’ன்னு மூடி வைத்துவிடுவார்கள். இப்படித் தயங்கும் பிள்ளைகளை காமிக்ஸ் படிக்க வைக்கும் என்று நம்பியவர் அனந்த் பை.

தோல்வியில் தொடக்கம்

1929-ல் கர்நாடகத்தின் கார்கலாவில் பிறந்தார். இரண்டு வயதிலேயே பெற்றோரை இழந்தார். 12 வயதில் மும்பை வந்தார். படித்தது வேதித் தொழில்நுட்பம். மனசு கிடந்ததோ பத்திரிகையில். 1954-ல் ‘மானவ்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். அது ஓடவில்லை.

அவர் விடவில்லை. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தில் இந்திரஜால் காமிக்ஸில் வேலை பார்த்தார். 1967-ல் ‘அமர் சித்திரக் கதை’யைத் தொடங்கினார். காமிக்ஸ் படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று பெரியவர்கள் பயந்த காலம் அது. 1978-ல், பள்ளிக் கல்வியில் சித்திரக் கதைகளின் பங்கு பற்றி டெல்லியில் கருத்தரங்கே நடந்தது.

டெலிபோன் மணியும் சுப்பாண்டியும்

புராணமும் வரலாறும் மட்டும் போதாது, சிரிப்பும் வேணும் என்று 1980-ல் வந்தது ‘டிங்கிள்’. பெயர் பற்றிய பேச்சு நடந்தபோது வந்த ஒரு போன் அழைப்புதான் அந்தப் பெயரைத் தந்தது என்பார்கள்.

1983-ல் அதில் நுழைந்தான் சுப்பாண்டி. நம்ம தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கதைகளில் இருந்து போனவன். திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்ப, ஓவியர் ராம் வாயீர்கர் உருவம் கொடுத்தார்.

ஏன் வேலை செய்தது?

சுப்பாண்டி சொன்னதை அப்படியே செய்து சொதப்புவான். அடுத்த கட்டத்தில் என்ன ஆகப்போகுது என்பது அவனுக்கு முன்பே படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் தப்பாகப் படித்துத் திட்டு வாங்குகிற பிள்ளைகூட இங்கே புத்திசாலி. தெரியாத சொல் வந்தாலும் படம் கைகொடுக்கும். ஒரு பக்கம், இரண்டு பக்கத்தில் கதை முடிந்துவிடும். ‘நானே படிச்சு முடிச்சேன்’ என்கிற தெம்புதான் அடுத்த கதையைத் திறக்க வைக்கும்.

பிள்ளைகள் ஆசையாக ‘அங்கிள் பை’ என்றார்கள். 2011 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த காமிக் கான் விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்றார். சில நாட்களில், 24-ம் தேதி, 81 வயதில் காலமானார்.

பாடப்புத்தகத்துக்கு முன்னால் ஒரு சிரிப்புக் கதையை நீட்டிப் பாருங்கள். பயம் போனால் படிப்பு தானாக வரும் என்பதே அவர் விட்டுச் சென்ற பாடம்.