பவுல் எர்லிக்

பவுல் எர்லிக் (மார்ச் 14, 1854 – ஆகஸ்ட் 20, 1915) ஒரு செருமானிய மருத்துவரும் அறிவியலாளரும் ஆவார். உயிரணுக்களுக்கும் பாக்டீரியாக்களுக்கும் சாயமேற்றிக் காணும் முறைகளை வளர்த்தவர். ஒரு நுண்ணுயிரை மட்டும் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருளால் அதனை அழிக்கவும் இயலும் என்னும் கருத்தைக் கொண்டு வேதிச்சிகிச்சைத் துறைக்கு அடித்தளமிட்டார். நோயெதிர்ப்பியல் ஆய்வுகளுக்காக 1908 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இலியா மெச்னிக்கோவுடன் பகிர்ந்துகொண்டார்.

இளமையும் கல்வியும்

எர்லிக் பிரசியாவின் சிலேசியா பகுதியில், இன்று போலந்தில் உள்ள இசுட்ரேலன் என்னும் ஊரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தாய்வழி உறவினரான நோயியலாளர் கார்ல் வைகர்ட் மூலம் சாயங்களில் ஆர்வம் கொண்டார். 1878 இல் திசுக்களுக்குச் சாயமேற்றுதல் பற்றிய ஆய்வேட்டை லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அளித்தார்.

சாயங்களும் உயிரணுக்களும்

பின்னர் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் பணியாற்றினார். 1882 இல் காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்ததும், அதற்குச் சிறந்த சாயமேற்று முறையை எர்லிக் உருவாக்கினார். அமிலத்தால் கழுவும்போது சுற்றியுள்ளவை நிறமிழக்கும். இக்கிருமி மட்டும் நிறத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். சீல், நீல்சன் ஆகியோர் திருத்திய இம்முறை இன்றும் பயன்படுகிறது.

அதே ஆண்டில், ஒளிபட்டால் பச்சையாக ஒளிரும் புளோரசீன் சாயத்தைக் கொண்டு கண்ணினுள் நீர்மம் செல்லும் வழியை ஆராய்ந்தார். உடனொளிர்வுப் பொருளை உயிருள்ள உடலில் பயன்படுத்திய தொடக்ககால ஆய்வுகளுள் இதுவும் ஒன்றாகும்.

1888 இல் எர்லிக்கே காசநோய்க்கு ஆளானார். எகிப்தில் தங்கி உடல்நலம் தேறினார்.

சாயத்திலிருந்து மருந்து

மெத்திலீன் நீலம் மலேரியா ஒட்டுண்ணியைச் சாயமேற்றுவதைக் கண்ட எர்லிக், 1891 இல் பவுல் குட்மனுடன் இணைந்து அதனை இரு மலேரியா நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்தார், இருவரும் குணமடைந்தனர். 1904 இல் கியோசி சிகாவுடன் இணைந்து, எலிகளில் திரிப்பனோசோம் ஒட்டுண்ணிகளை அழிக்கும் திரிப்பன் சிவப்புச் சாயத்தை அறிவித்தார்.

அடுத்து பிராங்க்பர்ட்டில் ஆர்சனிக் சேர்மங்களை ஒவ்வொன்றாக மாற்றியமைத்துச் சோதித்தார். முதற்சோதனையில் பயனற்றதென ஒதுக்கப்பட்ட 606 ஆம் சேர்மம் மேகநோய்க் கிருமியை அழிப்பதை 1909 இல் சகாசிரோ அட்டா மறுசோதனையில் கண்டறிந்தார். இது 1910 இல் சல்வர்சான் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. நீரில் எளிதில் கரையாததாலும் பக்கவிளைவுகளாலும் கையாளக் கடினமாக இருந்தது. எனவே எளிதில் கரையும் நியோசல்வர்சான் 1912 இல் வெளிவந்தது. 1940களில் பெனிசிலின் பரவும்வரை இவ்வகை மருந்துகளே மேகநோய்க்கு முதன்மையாக வழங்கப்பட்டன.

மறைவும் தாக்கமும்

எர்லிக் 1915 இல் பாட் ஓம்பர்க் நகரில் காலமானார். ஆரமைன் என்னும் உடனொளிர்வுச் சாயத்தால் சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டறியும் இன்றைய முறையும், கிருமியைத் தேர்ந்து பற்றும் சாயம் என்னும் அதே கொள்கையில் அமைந்ததாகும். விழித்திரையின் குருதிக்குழாய்களைப் படம்பிடிக்கக் கண் மருத்துவர்கள் இன்றும் புளோரசீனைப் பயன்படுத்துகின்றனர்.