நாலு நிறக் கட்டை

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்க நண்பர்கள் போன் செய்தபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதை ஏற்கெனவே மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அதனால் ராபர்ட் ஓவனைப் பற்றி எழுதுகிறேன். யார் அந்த ஆள் என்று கேட்கும் ஜூனியர்களுக்கு: நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போனதும் வருஷா வருஷம் உங்களுக்கு மார்க் போடுவார்களே, அந்தப் படிவத்துக்குக் கொள்ளுத்தாத்தா அவர்.

நான் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் என்ஜினீயர். என் கீழே பத்து ஃபிட்டர்கள். போன வருஷம் மதிப்பீட்டுப் படிவத்தோடு ஒரு விதியும் வந்தது: பத்துப் பேரில் ஒருவர் கட்டாயம் கடைசி கிரேடில் இருக்க வேண்டும். வேலை தெரியாதவர் என்று ஒருவரும் என்னிடம் இல்லை. கடைசியில், எனக்கே ரிங் ஃபிரேம் சொல்லிக் கொடுத்த ஓர் அண்ணன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சண்டை போடமாட்டார் என்பதுதான் காரணம். என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம்தான் ஓவனைத் தேடிப் படித்தேன்.

ஓவன் 1771ல் வேல்ஸில் நியூடவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். பையன் ஏழு வயசிலேயே பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு ஒத்தாசையாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னான். பத்து வயசில் ஊரை விட்டுக் கிளம்பி ஜவுளிக்கடைகளில் வேலை. இருபது வயசு வாக்கில் மான்செஸ்டரில் ஐந்நூறு பேர் வேலை பார்த்த ஒரு பஞ்சாலைக்கு மேனேஜர் ஆகிவிட்டார். அந்த மெஷின்களைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆறு வாரம் காலையில் முதல் ஆளாக வந்தார், ராத்திரி கடைசி ஆளாகப் பூட்டிவிட்டுப் போனார். நடுவில் ஆமாம், இல்லை தவிரப் பேச்சே கிடையாது. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். (டிரெய்னியாகச் சேரப் போகிற தம்பிகள் கவனிக்க.)

1800 ஜனவரியில் ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையிலிருந்த நியூ லனார்க் ஆலை அவர் நிர்வாகத்துக்கு வந்தது. ஆற்றுத் தண்ணீரில் ஓடிய பெரிய பஞ்சாலை அது. ஆயிரத்துக்கு மேல் ஜனம், அதில் சில நூறு அநாதைக் குழந்தைகள். திருட்டும் குடியும் சகஜம். வெளியூரிலிருந்து வந்த இவரை யாரும் நம்பவில்லை. அங்கேதான் அந்தக் கட்டையைக் கண்டுபிடித்தார்.

அது ரெண்டு அங்குல நீளத்தில் நாலு பக்க மரக்கட்டை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம்: கறுப்பு மோசம், நீலம் சுமார், மஞ்சள் நல்லது, வெள்ளை ரொம்ப நல்லது. ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் ஒன்று தொங்கும். நேற்றைக்கு அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பொறுத்து சூப்பர்வைசர் அதைத் திருப்பி வைப்பார், நோட்டிலும் பதிவாகும். சூப்பர்வைசருக்கும் ஒரு கட்டை உண்டு, அதை அவருக்கு மேலே இருப்பவர் திருப்புவார். ஓவன் தினமும் ஹாலுக்கு ஹால் நடப்பார். கறுப்பு தெரிந்தால் கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், போய்விடுவார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். ஆரம்பத்தில் கறுப்பாகவே இருந்ததாம். பிறகு மெல்ல மெல்ல மஞ்சளும் வெள்ளையும் கூடியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். தன் கண்டுபிடிப்பைப் பற்றித் தானே சொல்வது, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

என்னை உலுக்கியது வேறு இரண்டு விஷயம். நிறம் சரியில்லை என்று தோன்றினால், நோட்டில் ஏறுவதற்கு முன்பே தொழிலாளி ஓவனிடம் முறையிடலாம். இன்னொன்று, இத்தனை கறுப்பு இருந்தே ஆக வேண்டும் என்று கணக்குக் கிடையாது. ஹால் முழுக்க வெள்ளையாக இருந்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

மகாத்மா என்று சொல்ல வரவில்லை. வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்பினார். ஊர்ப் பெண்கள் அவர்களுக்கு மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்கள் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் ஒரு சமயம் அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போட்டுப் பஞ்சு விலை எகிறியபோது, நாலு மாசம் மெஷினை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தார். செலவு 7,000 பவுனுக்கு மேல். ஜனம் அவரை நம்பியது அதற்குப் பிறகுதான். கட்டையின் நிறத்தை அவர்கள் பொறுத்துக்கொண்டதற்கு, என் கணக்கில் இந்த நாலு மாசச் சம்பளம்தான் காரணம்.

1816 ஜனவரி முதல் தேதி, அதே ஊரில் பெரிய பள்ளிக்கூடம் திறந்தார். அந்தக் காலத்தில் பிரிட்டனில் பரவியிருந்தது, ஆண்ட்ரூ பெல் நம்ம சென்னை எழும்பூரில் தொடங்கிக் கொண்டுபோன முறை. அதில் ஒரு பையன் சரியாகச் சொன்னால் வரிசையில் மேலே, தப்பினால் கீழே. ஓவன் பெல்லுக்கு நன்கொடை கொடுத்தவர்தான். ஆனால் தன் பள்ளியில் அடியும் கிடையாது, பரிசும் கிடையாது என்றார். சின்னக் குழந்தைகளுக்கு வாத்தியார் யார் தெரியுமோ? ஒரு கைத்தறி நெசவாளி. மிரட்டக் கூடாது, அன்பாகப் பேச வேண்டும் என்பதுதான் அவருக்கு உத்தரவு. சுவரில் பெரிய பெரிய படங்கள், பாட்டு, நடனம்.

அப்பாவுக்கு ஆலையில் நாலு நிறம், பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு நிறமும் இல்லை. இந்த முரண்பாடு எனக்கு இன்னும் விளங்கவில்லை. இன்டர்னல் மார்க்குக்காக லேப் ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த நமக்கெல்லாம் அந்தப் பிள்ளைகள் மேல் பொறாமைதான் வரும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்காக அலைந்தார். 1819ல் வந்த சட்டம் அவர் கேட்டதில் பாதிகூட இல்லை. பாட்டையும் நடனத்தையும் பங்குதாரர்கள் ஆட்சேபித்தார்கள். 1825ல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்று ஒரு சமத்துவ ஊர் அமைத்தார். இரண்டே வருஷத்தில் குலைந்தது, சொத்தில் பெரும்பகுதி போயிற்று. 1858 நவம்பரில், 87வது வயசில், பிறந்த நியூடவுனிலேயே காலமானார்.

இந்த வருஷப் படிவம் வந்திருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் பத்துப் பேரையும் கூப்பிட்டு, பென்சிலில் எழுதிக் காட்டினேன். இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். ஒருவர் சொன்னது நியாயமாகப் பட்டது, அழித்து மாற்றினேன். அந்த அண்ணன் தன் வரியைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். கடைசி கிரேடில் யார் பெயரும் எழுதவில்லை. ஹெச்.ஆர். ஆபீசிலிருந்து இதுவரை இரண்டு தடவை போன் வந்துவிட்டது.