தலைகளை எண்ணாத பாதிரியார்

தாம்பரம் ரெயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கம் போனால் ஒரு காடு எதிர்ப்படும். ஊருக்கு நடுவே இப்படி ஒரு காடா என்று புதிதாக வருபவர்கள் வியப்பார்கள். அந்தக் காட்டுக்குள் இருப்பதுதான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. சேலையூர்க் காட்டில் சுமார் 375 ஏக்கரில் அமைந்தது அது.

அந்தக் கல்லூரியைப் பெரிய கல்லூரியாக வளர்த்தவர், தாம்பரத்தில் அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. கல்லூரி அங்கே வருவதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். அவர்தான் டாக்டர் வில்லியம் மில்லர்.

ஒரு சபை வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது? ஞானஸ்நானம் பெற்றவர்களின் தொகையைக் கொண்டா? வேறு அளவுகோல் உண்டா? வாழ்நாள் முழுவதும் மில்லர் பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி இது.

பிளவில் பிறந்த சபை

மில்லர் 1838-ம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள தர்சோ என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அவருக்கு 5 வயதானபோது அந்த நாட்டுச் சபை இரண்டாகப் பிளந்தது.

அது பிரெஸ்பிட்டேரியன் சபை. அதில் பிஷப் கிடையாது. போதகர்களும் மூப்பர்களும் கூடிப் பேசியே காரியங்களை நடத்துவார்கள். ஆனால் ஓர் ஊருக்கு யார் போதகர் என்பதை அங்குள்ள நிலப்பிரபு முடிவு செய்யும் வழக்கம் இருந்தது. அதை எதிர்த்து, 1843-ம் ஆண்டு 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் உதறிவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் தொடங்கியதே சுயாதீன சபை.

கூடி வணங்கக் கோவில் இல்லை. கையில் பணமும் இல்லை. அப்படியிருந்தும் கடல் கடந்த ஊழியத்தைக் கைவிடுவதில்லை என்று அந்தப் புதிய சபை துணிந்தது. இந்தியாவில் இருந்த ஸ்காட்லாந்துப் பாதிரிமார்களும் அதன் பக்கமே சேர்ந்தார்கள்.

ஆண்டர்சன் போட்ட அஸ்திவாரம்

அவர்களில் ஒருவர் ஜான் ஆண்டர்சன். 1837-ம் ஆண்டு சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தவர். காஞ்சீபுரம், செங்கற்பட்டு ஆகிய ஊர்களிலும் அவருடைய பள்ளிகள் கிளைவிட்டன.

ஆண்டர்சன் உறுதியானவர். சாதி பார்த்து மாணவர்களைச் சேர்க்க அவர் சம்மதிக்கவில்லை. அதனால் பலர் விலகிப் போனபோதும் பணியவில்லை. 1841-ம் ஆண்டு மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். நகரமே கொதித்தது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். நிரம்பி வழிந்த வகுப்புகள் வெறிச்சோடின.

1855-ம் ஆண்டு ஆண்டர்சன் இறந்தார். அவரோடு உழைத்த ஜான்ஸ்டன் என்ற பாதிரியார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். பள்ளி தளர்ந்தது.

24 வயது இளைஞர்

1862-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மில்லர் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 24. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி 5 ஆண்டுகளே ஆகியிருந்தன. பட்டப் படிப்புக்கு இளைஞர்கள் போட்டி போட்டார்கள்.

காலத்தின் போக்கை மில்லர் கண்டுகொண்டார். 1865-ம் ஆண்டு பள்ளியில் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கினார். தம் சொந்தப் பணத்தையும் அதில் கொட்டினார். வெளியூர் மாணவர்கள் தங்க விடுதிகள் கட்டினார். வகுப்பில் ஆசிரியர் சொல்லித் தருவது பாதிதான். மீதியைக் கூடி வாழ்ந்தே கற்க வேண்டும் என்பது அவர் கருத்து.

கணக்கு கேட்டார்கள்

கல்லூரி வளர்ந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களுக்கு மில்லர் வேதாகமம் போதித்தார். ஆனால் கிறிஸ்தவராக மாறியவர்கள் மிகச் சிலரே.

முணுமுணுப்பு எழுந்தது. ஏழை எளியவர்கள் உண்டியலில் போடும் காசு, உயர்ந்த சாதிப் பிள்ளைகளுக்கு உத்தியோகம் தேடிக் கொடுக்கவா என்று கேட்டார்கள். எத்தனை பேர் சபையில் சேர்ந்தார்கள் என்று கணக்கு கேட்டார்கள்.

மில்லர் அந்தக் கணக்கையே ஏற்கவில்லை. ஒரு சமுதாயத்தின் எண்ணத்தையும் மனச்சாட்சியையும் மெல்ல மாற்றுவதே கல்லூரியின் வேலை என்றார். தலைகளை எண்ணுவது அதன் வேலை அல்ல என்றார். உறை ஊற்றிய மோர் பாலில் தனியே தெரிவதில்லை. விடிந்து பார்த்தால் பானை முழுவதும் தயிர்! அவர் நம்பியது அப்படிப்பட்ட வளர்ச்சியை.

1872-ம் ஆண்டு இறுதியில் அலகாபாத்தில் தொடங்கிய பாதிரிமார் மாநாட்டிலும் கல்விப் பணிக்காக அவர் வாதாடினார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அதே சுயாதீன சபை 1896-ம் ஆண்டு அவரைத் தன் பேரவையின் தலைவராகத் தேர்ந்தெடுத்தது!

கிராமத்தில் வேறு பாதை

குறை சொன்னவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. செங்கற்பட்டுச் சீமையில் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்கள் படிப்பின் வாசனையே அறியாமல் உழன்றார்கள். கல்லூரியின் பயன் அவர்களுடைய குடிசைக்கு எப்போது போய்ச் சேரும்?

அங்கே போனவர் அதே சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ பாதிரியார். அவர்களுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்டார். சிங்கப்பெருமாள் கோவில் அருகே மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பு அப்படி உருவானது.

ஒருவர் பட்டணத்தில் சிந்தனையை உழுதார். மற்றவர் கிராமத்தில் மண்ணை உழுதார். இரண்டு ஏரும் ஒரே சபையினுடையவை.

நிழலில் வளர்ந்தவர்கள்

மில்லர் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் போதிப்பதில் வல்லவர். லியர் மன்னன் நாடகத்தை இந்திய அரசியலோடு இணைத்து ஒரு நூலே எழுதினார்.

அவருடைய வகுப்பில் அமர்ந்தவர் சூரியநாராயண சாஸ்திரியார். பின்னாளில் பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர். துடுப்புப் போடும் படகை அன்னத்துக்கு ஒப்பிட்ட டென்னிசனின் உவமையை மில்லர் ஒருநாள் பாராட்டினாராம். அதே உவமை கம்பனிடம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருப்பதை மாணவர் எடுத்துக் காட்ட, ஆசிரியர் மகிழ்ந்து போனாராம். தமிழ் அன்பர்கள் இன்றும் சொல்லும் கதை இது. அதே கல்லூரியில் தமிழ் ஆசிரியரானார் சாஸ்திரியார். 1903-ம் ஆண்டு, 33 வயதிலேயே அவர் மறைந்தார்.

மில்லரின் கடைசி ஆண்டுகளில் அங்கு சேர்ந்த மற்றொரு மாணவர் ராதாகிருஷ்ணன். இந்து தத்துவத்தை உலகுக்கு எடுத்துரைத்து, நாட்டின் ஜனாதிபதியாக உயர்ந்தவர். கிறிஸ்தவ ஆசிரியர்கள் தொடுத்த கேள்விகளே அவரைத் தம் சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டின. இதை எந்தச் சபைக் கணக்கில் எழுதுவது?

பெயரை விட்டுக்கொடுத்தவர்

மில்லரின் மற்றொரு துணிவு 1877-ம் ஆண்டு வெளிப்பட்டது. ஆங்கிலிகன் சபையின் சி.எம்.எஸ். சங்கத்தையும் வெஸ்லியன் சங்கத்தையும் கூட்டுச் சேர்த்தார். தம் சபையின் பெயரைக் கல்லூரிக்குச் சூட்டவில்லை. கிறிஸ்தவக் கல்லூரி என்ற பொதுப் பெயரையே வைத்தார்.

பிற்காலத்தில் சபைகளும் அந்த வழியில் நடந்தன. பிரெஸ்பிட்டேரியன் சபையார் 1908-ம் ஆண்டு தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தனர். 1947-ம் ஆண்டு அது ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளோடு கலந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று.

தாம்பரத்தில் தொடர்ந்த கேள்வி

சட்டசபை உறுப்பினர், பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று பதவிகள் மில்லரைத் தேடி வந்தன. 1907-ம் ஆண்டு, 45 ஆண்டு உழைப்புக்குப் பின் தாயகம் திரும்பினார். 1923-ம் ஆண்டு, 85-வது வயதில் இறந்தார்.

பாரிமுனைக் கட்டிடங்களில் இடம் போதவில்லை. முதல்வர் ஹாக் காலத்தில், 1937-ம் ஆண்டு கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் பார்ன்ஸ் மரங்களை நட்டார். பொட்டலாகக் கிடந்த இடங்களும் சோலையாயின.

மறு ஆண்டு டிசம்பரில் உலகக் கிறிஸ்தவத் தலைவர்கள் அந்தத் தாம்பரத்திலேயே கூடினார்கள். தலைமை வகித்தவர் அமெரிக்கரான ஜான் மோட். இளம் சபைகள் எப்படி வளர வேண்டும், பிற சமயத்தாரை எப்படி அணுக வேண்டும் என்பதே அங்கு முக்கியப் பேச்சு. கிறிஸ்துவில் வெளிப்பட்டது வேறு, பிற சமயங்கள் வேறு என்று டச்சு அறிஞர் கிரேமர் கண்டிப்பாக வாதிட்டார். பிற சமயத்தாரிடமும் மெய்யான இறைப்பற்று உண்டு என்று ஹாக் மறுத்தார். மில்லரிடம் ஆசிரியராக இருந்தவர் அல்லவா ஹாக்!

அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் எந்த ஊரிலிருந்து, எந்தச் சமயத்திலிருந்து வந்தாலும் பிள்ளைகளுக்குத் தாம்பரத்து மரங்கள் ஒரே நிழலைத் தருகின்றன. மில்லர் தம் சபைக்கு விரும்பிய வளர்ச்சியும் அதுதான்.